திருவெம்பாவும் திரியம்பவாயும்

கட்டுநாயக்கவில் ஏறி கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ போகிற நம் மலையகப் பிள்ளைகளில் சிலர் வழியில் பாங்கொக்கில் விமானம் மாறுகிறார்கள். அடுத்த விமானத்துக்குப் பாதி நாள் கிடக்கிறது என்றால், அந்த நேரத்தில் ஊருக்குள் போய் என்ன பார்க்கலாம் என்று கேட்பார்கள். அரண்மனை, படுத்த நிலையில் உள்ள புத்தர், ஆற்றில் படகு என்று வழக்கமான பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் லிந்துலையிலிருந்து போகிற பிள்ளைக்கு நான் சொல்வது வேறு. சாவ் சிங் சா என்ற இடத்தைக் கேட்டுப் போ. நடுவீதியில் ஒரு பெரிய சிவப்பு ஊஞ்சல் கம்பம் நிற்கும். அந்த ஊஞ்சலுக்கு உரிய திருவிழாவின் பெயர் என்ன என்று யாரையாவது கேள் என்பேன்.

திரியம்பவாய் என்று பதில் வரும். கூடவே திரிபவாய் என்று இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள்.

முதல் பெயரை வேறோர் உருவத்தில் நாம் சின்ன வயதிலிருந்தே அறிவோம். மார்கழிப் பனியில், பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்பே, விளக்கும் ஜால்ராவுமாகப் பஜனைக் கோஷ்டி லயங்களைச் சுற்றி வரும். திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் விடியற்காலையில் கோயிலில் சங்கு ஊதிப் பாடுவதைத் திருவெம்பா என்பார்கள். "திருவெம்பா தொடங்கிருச்சி, எந்திரிங்க" என்றால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். நூலுக்குப் பெயர் திருவெம்பாவை. இலங்கைப் பேச்சில் கடைசி எழுத்து உதிர்ந்து திருவெம்பா ஆயிற்று. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், மட்டக்களப்பிலும் அப்படித்தான். கடல் கடந்து சீயத்துக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போன அதே பெயர் அங்கே கடைசி எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டது, நடுவில் சிலவற்றை மாற்றிக்கொண்டது. மாறிய விதத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தால், பெயரைக் கொண்டுபோனவர்கள் அதை எப்படி உச்சரித்தார்கள் என்பதுகூட ஓரளவு தெரிகிறது.

ஒரு பெயர் புதிய வாய்க்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிங்களத்தில் லிந்துல என்பதை நாம் லிந்துலை என்கிறோம். அக்கரப்பத்தனை, பதுளை எல்லாம் அப்படித்தான். அகரத்தில் முடிகிற சிங்களப் பெயருக்குத் தமிழ் வாய் ஓர் ஐகாரத்தைக் கொடுத்துத் தன் வீட்டுப் பெயராக்கிக்கொண்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. மலை, சிலை, முல்லை என்று முடிகிற சொற்களோடு பழகிய நாக்கு தானாகவே செய்த வேலை அது. லகரம் சொல்லுக்கு முதலாக வராது என்பது பழைய இலக்கணம். அதனால்தான் லங்கா என்பது இலங்கை ஆயிற்று. லிந்துலைக்கு அப்படி ஓர் இகரம் முன்னால் ஒட்டவில்லை. அந்தப் பெயர் நம் வாய்க்கு வந்த காலத்தில் அந்த விதி தளர்ந்துவிட்டிருந்தது. ஒரு பெயரின் தலையும் வாலும் அது எந்தக் காலத்தில், யார் வாயில் புகுந்தது என்பதைச் சொல்லும். திரியம்பவாயையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

மாணிக்கவாசகர் பாடிய திருவெம்பாவையில் 20 பாட்டு. ஆண்டாளின் திருப்பாவையில் 30. இரண்டிலும் ஒவ்வொரு பாட்டும் எம்பாவாய் என்ற விளியில்தான் முடியும். நூலின் பெயரை ஏட்டில் பார்ப்பவனுக்குத்தான் அது பாவை. காதால் கேட்பவனுக்குப் பாட்டு முடியும் போதெல்லாம் வந்து விழுவது பாவாய். தாய் எழுத்தில் இந்தத் திருவிழாவின் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். திரீ, யம், ப, வாய். முடிவில் ஐகாரம் இல்லை. நெடில் ஆகாரமும் யகர மெய்யும் நிற்கின்றன. திரிபவாய்க்கும் அதே முடிவுதான். ஆகவே இந்தப் பெயரைக் கொடுத்தது நூலின் தலைப்பு அல்ல, பாட்டின் ஈறு என்றே எனக்குப் படுகிறது. வாசித்தவர்கள் தந்த பெயராக இருந்தால் பாவை என்று முடிந்திருக்கும்.

நடுவில் உள்ள யகரம் இன்னும் சுவையானது. திரு, எம்பாவை என்ற இரண்டையும் இலக்கணப்படி சேர்த்தால் இடையில் வகரம் தோன்றித் திருவெம்பாவை ஆகும். தாய்ப் பெயரில் அந்த வகரத்தின் இடத்தில் யகரம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? நம் வாயிலிருந்துதான். எகரத்தில் தொடங்கும் சொல்லை நாம் யாரும் வெறும் எகரமாகச் சொல்வதில்லை. எலி யெலி ஆகிறது, எட்டு யெட்டு ஆகிறது, எங்கே என்பது யெங்கே ஆகிறது. எம்பாவாயும் அப்படியே யெம்பாவாய். திரு என்று நிறுத்தி, யெம்பாவாய் என்று தொடர்ந்தால் உகரத்துக்குப் பின்னால் யகரம் வந்து நிற்கும். அப்படி வந்தால் உகரம் இகரமாகத் திரியும் என்பது பழைய விதி. நாடு யாது என்பது நாடியாது ஆவது குற்றியலிகரம். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். திருவில் உள்ள உகரம் குற்றியலுகரம் அல்லவே என்று ஒரு தமிழாசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படித் திரியும் என்று பவணந்தியார் நன்னூலில் இடம் விட்டிருக்கிறார். உரைகாரர்கள் கதவு யாது கதவியாது ஆவதைக் காட்டுவார்கள். திரு யெம்பாவாய், திரியெம்பாவாய், பிறகு திரியம்பவாய். சீயத்தில் சிதைந்துபோன சொல் என்று தள்ளிவிடக் கூடியதல்ல இது. இதில் பாதி மாற்றம் தமிழின் சொந்த வழியிலேயே நடந்திருக்கலாம்.

யெம் எப்படி யம் ஆயிற்று என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம்தான் உண்டு. சீயத்தில் இந்தப் பாட்டுகளை ஓதிப் பாதுகாத்தவர்கள் வடமொழி மந்திரம் ஓதிப் பழகிய புரோகிதர்கள். அவர்களின் ஏடுகள் கிரந்தத்திலிருந்து பிறந்த எழுத்தில் இருக்கின்றன. வடமொழியில் குறில் எகரம் கிடையாது. இல்லாத உயிருக்குப் பக்கத்து உயிரான அகரத்தைப் போட்டிருப்பார்கள். திரு என்பது திரீ ஆனதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். வடமொழியிலிருந்து வந்த திரீ, மூன்று என்ற பொருளில் தாய் மொழியில் முன்பே குடியேறிவிட்ட சொல். தெரியாத ஓர் ஒலி தெரிந்த சொல்லின் சாயலில் போய் ஒதுங்குவது எல்லா மொழியிலும் நடப்பது.

திரியம்பகன் என்பது முக்கண்ணனின் பெயர்தானே, திரியம்பவாய் அதிலிருந்து வந்திருக்கக் கூடாதா என்று ஒருவர் வாதிடலாம். முதல் பாதி பொருந்துகிறது. விழாவும் சிவனுக்கு உரியதுதான். ஆனால் தனியாக ஒரு பெயர் மட்டும் இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். பக்கத்திலேயே திரிபவாய் இருக்கிறது. அது விஷ்ணுவுக்கு உரிய நாட்களின் பெயர். சிவனுக்குரிய விழா திருவெம்பாவையின் பெயரோடும், அதைத் தொடர்ந்து நாராயணனுக்குரிய விழா திருப்பாவையின் பெயரோடும் ஜோடியாக நிற்கின்றன. இரண்டு பெயர்களும் ஒரே ஈற்றில் முடிகின்றன. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி ஊஞ்சலடிக்குப் போவோம். பாங்கொக் தலைநகரானது 1782இல். இரண்டே வருடத்தில், 1784இல், முதலாம் ராமா என்று சொல்லப்படும் மன்னர் பிராமணர்களுக்கு ஒரு கோயிலையும் அதன் முன்னால் இந்த ஊஞ்சலையும் அமைத்தார். கோயிலுக்குப் பெயர் தேவஸ்தான். தாய் மக்கள் போட் பிராம் என்பார்கள். 1920இல் ஊஞ்சலைக் கொஞ்சம் தள்ளி இப்போதுள்ள இடத்துக்கு மாற்றினார்கள். விழா அன்று நாகத் தலைப்பாகை கட்டிய ஆட்கள், ஒரு பலகைக்கு நால்வராக ஏறி நின்று ஆடுவார்கள். எதிரே மூங்கில் கழியில் காசுப் பை ஒன்று தொங்கும். ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது முன்னால் நிற்பவன் அந்தப் பையைப் பல்லால் கவ்வி எடுக்க வேண்டும். விழுந்து செத்தவர்கள் உண்டு. 1935க்குப் பிறகு ஆட்டம் நின்றுவிட்டது.

இந்த விழாவில் என்னை மிகவும் இழுப்பது ஆடியவர்கள் அல்ல, அசையாமல் இருந்த ஒருவர். மன்னர் நியமித்த ஒரு பிரபு அன்றைக்குச் சிவனாகப் பாவிக்கப்படுவார். ஊர்வலமாக வந்து ஒரு பந்தலில் அமர்ந்து, ஆட்டம் நடக்கும்போது வலது காலைத் தூக்கி இடது முழங்கால் மேல் வைத்திருப்பார். முடியும் வரை அந்தக் காலைக் கீழே ஊன்றக் கூடாது. பூமி உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கச் சிவன் ஒற்றைக் காலில் நின்றார், நாகங்கள் ஊஞ்சலாடின என்று அங்கே கதை சொல்வார்கள். நமக்கோ திருவெம்பாவை முடிகிற நாள் ஆருத்திரா தரிசனம், தில்லைக் கூத்தன் எடுத்த பாதத்தோடு வெளியே வரும் நாள். பாட்டின் பெயர் மட்டும் தனியாகக் கப்பல் ஏறவில்லை, அந்த நாளின் சிவனும் கூடவே போயிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். ஊஞ்சலும் நமக்கு அந்நியமில்லை. திருவாசகத்திலேயே திருப்பொன்னூசல் என்று ஒரு பகுதி இருக்கிறது. தேவஸ்தானில் சிவன் சந்நிதிக்குள் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டிய இரண்டு சிறு தூண்கள் நடப்பட்டிருக்கின்றன. அன்னப்பறவை உருவத்தை வைத்துத் தாலாட்டும் சடங்கு அங்கே நடக்கும். நம் கோயில்களில் சுவாமியைப் பொன்னூஞ்சலில் வைத்துப் பாடுகிறவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படையலையும் சொல்ல வேண்டும். நெற்பொரி, இடித்த பச்சரிசி அவல், வாழைப்பழம், தேங்காய், கரும்பு, கிழங்கு வகைகள். விருந்தாளியாக வந்த தெய்வத்துக்கு அவற்றைப் படைத்துப் பிறகு பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டு இந்தப் பட்டியலை மட்டும் நம் தோட்டத்துப் பூசாரி ஒருவரிடம் காட்டினால், எந்தப் பூசைக்கு என்று கேட்பாரே தவிர, எந்த நாட்டில் என்று கேட்கமாட்டார்.

இந்தப் பெயர் எப்போது போயிற்று? தமிழர் அந்தக் கரைக்குப் போனது மிகப் பழைய காலம். தென் தாய்லாந்தில் கிராபி மாகாணத்துக் குளொங் தொம் என்ற இடத்தில் ஒரு சிறு உரைகல் கிடைத்திருக்கிறது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் கல். அதில் பெரும்பதன் கல் என்று தமிழில் பொறித்திருக்கிறது. 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டு என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கல்லில் ஒரு தட்டார் தன் உடைமைக்கு அடையாளம் போட்டிருக்கிறார். தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காத்த மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரையும் சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். ஆனால் மாணிக்கவாசகரை 9ஆம் நூற்றாண்டில் வைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஆகவே உரைகல் தட்டாருக்குத் திருவெம்பாவை தெரிந்திருக்க வழியில்லை. வணிகர் போட்ட தடத்தில் பின்னால் வந்த புரோகிதர்கள்தான் இதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். நக்கோன் சி தம்மராட் நகரம் அவர்களுக்கு நெடுங்காலம் இருப்பிடம். 1767இல் பர்மியர் அயுத்தயாவை அழித்தபின், புதிய தலைநகருக்குச் சடங்கு தெரிந்தவர்கள் தெற்கேயிருந்து வரவழைக்கப்பட்டார்கள். அவர்களோடு இந்தப் பெயரும் பாங்கொக் வந்து சேர்ந்தது.

தமிழர் நடுவே இந்தச் செய்தியைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்தவர். 1950களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே கிழக்காசிய நாடுகளைச் சுற்றிவந்து, தாய்லாந்துச் சடங்குகளில் திருவெம்பாவை ஒலிப்பதை எழுதினார், பேசினார். அவருக்கு முன்பே குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் வெளியிட்ட சீய அரச சடங்குகள் பற்றிய நூலில் ஊஞ்சல் விழாவை விரிவாக எழுதியிருந்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அங்குள்ள ஏடுகளைத் தமிழோடு ஒப்பிட்டுப் பாவைப் பாட்டுகளையும் தேவாரத்தையும் அடையாளம் கண்டார்கள். 2019 மே மாதம் மன்னர் வஜிரலோங்கோர்ன் முடிசூடியபோதும் அந்தப் பிராமண மரபினர் சடங்கில் நின்றார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்தையே தமிழர் ஆண்டார்கள் என்று இதிலிருந்து முழக்கம் எழுப்புகிற கட்டுரைகள் நம்மிடையே நிறைய வருகின்றன. அது தனிநாயகம் அடிகளின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை அல்ல. அந்த விழாவை நடத்தியவர்கள் சீய மன்னர்கள், காத்தவர்கள் தாய் மொழி பேசும் குடும்பங்கள். பொருள் மறந்துபோன பிறகும் ஒலியை விடாமல் தலைமுறை தலைமுறையாக ஓதினார்கள். அவர்கள் காத்திராவிட்டால் நாம் பெருமைப்பட அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இனி வழி. பாங்கொக் விமான நிலையத்தின் பெயரே ஒரு தனிக் கட்டுரைக்குப் போதும். சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டிய இடம். பழைய பெயர் நொங் ங்கு ஹாவ், நாகப்பாம்புக் குட்டை. 2000இல் மன்னர் பூமிபோல் அதற்குச் சுவர்ணபூமி என்று பெயரிட்டார். 2006 செப்டம்பரில் திறந்தார்கள். மகாவம்சத்தில் அசோகனின் காலத்துத் தேரர்கள் போன பொன் நாடும் அதே பெயருடையது. எழுதுவது சுவர்ணபூமி, தாய் வாயில் சொல்வது சுவன்னபூம். புறப்பாட்டுப் பகுதியில் தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்துப் பாற்கடல் கடையும் பெரிய சிற்பம் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுக்காத பயணி குறைவு.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. புறப்படும் முன்பே இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன நிலை என்று பார்த்துவிட வேண்டும். குடிவரவு வரிசை நீளமாக இருந்தால் திட்டத்தையே கைவிடலாம்; விமானத்தைத் தவறவிட்டுப் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. நேரம் இருந்தால் நிலையத்துக்குக் கீழேயே ரயில். மக்கசானில் இறங்கி, பக்கத்திலுள்ள பெட்சபுரியில் சுரங்க ரயில் ஏறி, சாம் யோட்டில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. பம்ருங் முவாங் வீதியில் இரண்டு பக்கமும் புத்தர் சிலைக் கடைகள். ஆளை விட உயரமான பொன்னிறச் சிலைகள் பிளாஸ்டிக் உறைக்குள் நடைபாதையில் வாங்குபவருக்காக அமர்ந்திருக்கும். அவற்றைத் தாண்டினால் வாட் சுதாட் விகாரையும் அதன் எதிரே கம்பமும். 20 மீட்டருக்கு மேல் உயரம். பழைய மரங்கள் உளுத்துவிட்டதால் ஆறு தேக்கு மரங்களைக் கொண்டு புதிதாகச் செய்து 2007இல் அர்ப்பணித்தார்கள். பழைய மரம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஊஞ்சல் பலகையும் இல்லை, கயிறும் இல்லை. இரண்டு பெரிய தூணும் செதுக்கு வேலைப்பாடுள்ள குறுக்குச் சட்டமும்தான். அங்கிருந்து டின்சோ வீதியில் சில அடி வைத்தால் தேவஸ்தான். வெள்ளைச் சுவருக்குள் சிவன், பிள்ளையார், நாராயணன் மூவருக்கும் தனித்தனி மண்டபம்.

இன்னும் நேரம் மிஞ்சினால் சிலோம் வீதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போன தமிழர் கட்டியது. நம் முன்னோர் கோப்பிக்கும் தேயிலைக்கும் மலை ஏறிய அதே காலம். ஊர்க்காரர்கள் அதை வாட் கேக் என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியரையும் அந்தச் சொல்லாலேயே குறிப்பார்கள். அம்மன் அங்கே நமக்குத் தெரிந்த பெயரோடும் தெரிந்த முகத்தோடும் இருக்கிறாள். ஆராய வேண்டியது ஒன்றும் இல்லை, கும்பிட்டுவிட்டு வரலாம்.

மாதத்தைப் பற்றி ஒரு குறிப்பு. திரியம்பவாய் முன்பு தாய்ச் சந்திரக் கணக்கின் முதல் மாதத்தில், அதாவது ஏறக்குறைய நம் மார்கழியில்தான் நடந்தது. பிற்காலத்தில் அதை இரண்டாம் மாதத்துக்கு மாற்றினார்கள். மன்னர் சுலலோங்கோர்ன் பன்னிரு மாதச் சடங்குகள் பற்றி எழுதிய நூலில் இதைக் குறித்திருக்கிறார். அதனால் இப்போது பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வருகிறது. தெருவில் ஊஞ்சல் ஆடாவிட்டாலும் கோயிலுக்குள் பூசை நடக்கிறது. நம் தோட்டத்தில் திருவெம்பா முடிந்து, பஜனைக்காரர்கள் ஜால்ராவைக் கட்டி வைத்து, பொங்கலுக்குப் பானை வாங்கப் போகிற நாட்களில் யாராவது பாங்கொக்கில் விமானம் மாறுவதாக இருந்தால், தேவஸ்தானில் அப்போது திரிபவாய் நடந்துகொண்டிருக்கக் கூடும். முன்கூட்டியே நாளைப் பார்த்து வைத்துக்கொண்டால், ஓதுவதையும் காதால் கேட்டுவிட்டு வரலாம்.